படகை நிறுத்தும் சுவர்

போன வெள்ளிக்கிழமை என் மகன் ஜமால் படகுப் போட்டியில் கடைசியாக வந்தான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்களா? மகன் தோற்றால் பெற்றவள் வருத்தப்படுவாள். இல்லாவிட்டால் வெளியே தெரியாமல் மூடி மறைப்பாள். நானோ பத்திரிகையிலேயே எழுதுகிறேன். காரணம் இருக்கிறது... கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது கடலில் ஓடும் படகு இல்லை. செல்போனுக்குள் ஓடும் படகு.

ஜமால் சவூதியில், தம்மாமில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் வேலை பார்க்கிறான். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்து, ரூமில் சோறாக்கித் தின்றுவிட்டு, ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்து படகு ஓட்டுவார்கள். எங்கள் பெரியபட்டினத்துப் பையன்கள், திருப்பாலைக்குடிப் பையன்கள், கடலாடியிலிருந்து போன முருகேசன் — எல்லோருக்கும் ஒரே ரூம்.

ஊரில் இருந்தவரை படகில் கால் வைத்தாலே வாந்தி எடுத்தவன் என் மகன். தீவுக்குப் போகலாம் என்று கூட்டாளிகள் கூப்பிட்டால் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான். அப்படிப்பட்டவன் பாலைவனத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படகு ஓட்டுகிறான். என்னத்தைச் சொல்ல?

அந்த விளையாட்டைச் செய்தது சென்னையில் ஒரு கம்பெனி. பெயரெல்லாம் வேண்டாம். அதில் பல ஊர்க் கடல்கள் உண்டாம். ஒரு கடலை எங்கள் பக்கத்துக் கடற்கரையைப் பார்த்தே வரைந்திருக்கிறார்கள். பாம்பன் பாலம் மாதிரி ஒரு பாலம். பனைமரங்கள். கருவாடு காயும் மணல். தூரத்தில் பள்ளிவாசலின் பச்சை மினாரா. தண்ணீர் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே நீலம் — சாயம் போட்ட மாதிரி.

இதையெல்லாம் எனக்குக் காட்டியவள் என் மருமகள் சபீரா. ஜமாலின் மனைவி. அவள் போனிலும் அந்த விளையாட்டு இருக்கிறது. புருஷன் படகு எங்கே போகிறது என்று பெண்டாட்டி பார்க்க வேண்டாமா?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். கடலைப் பார்த்ததைவிட விளம்பரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். பாலத்துத் தூணில் குளிர்பானம். கலங்கரை விளக்கத்தில் சிமெண்ட். தண்ணீரில் மிதக்கிற மிதவையில் ஷாம்பு. ஒரு படகின் பாய் முழுக்க பிஸ்கட். கடைசியில் ஜெயித்தவனுக்குக் கொடுக்கிற கோப்பையில்கூட ஏதோ செல்போன் கம்பெனியின் பெயர்.

"என்ன புள்ள இது... வெளையாட்டா, சந்தையா?" என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான் மாமி. வெளையாட்டை ஓசியில குடுத்தா அவுகளுக்கு எப்புடிக் கட்டும்? அதான் செவுரை வாடகைக்கு விடுறாக."

யோசித்துப் பாருங்கள். இல்லாத ஊர். அதில் இல்லாத சுவர். அதற்கு வாடகை! எங்கள் தெருவில் உண்மையான சுவர் வைத்திருக்கிறவர்கள், 'இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்கள்' என்று எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். பிழைக்கத் தெரியாதவர்கள்!

இது நடந்து சில நாள் கழித்து சபீரா ஒரு குண்டு போட்டாள்.

"மாமி, அதுல நமக்கும் ஒரு செவுரு கேட்டுருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சபீராவைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை — அவள் மாசிச் சம்பல் செய்து விற்கிறாள். சூரை மீனை அவித்து, வெயிலில் கட்டை மாதிரி காயவைத்தால் அதற்கு எங்கள் பக்கம் மாசி என்று பெயர். அதை இடித்து, மிளகாய் வற்றலும் சின்ன வெங்காயமும் சேர்த்து வதக்கிச் செய்வது சம்பல். முதலில் ஜமாலுக்காகத்தான் செய்து அனுப்பினாள். ரூமில் இருக்கிறவர்கள் பாட்டிலை வழித்து நக்கிவிட்டு, 'எங்களுக்கும் வேணும்' என்று ஆள்விட்டுக் கேட்டார்கள். அப்படி வளர்ந்த வியாபாரம். இப்போது ராமநாதபுரத்துக் கடைகளிலும் வைத்திருக்கிறாள். பாட்டிலில் அவள் பெயரே இருக்கிறது — 'சபீரா மாசிச் சம்பல்'.

பாட்டிலில் பெயர் போடுவதற்கே நான் வேண்டாம் என்றவள். பொம்பளைப் பிள்ளை பெயர் ஊர் ஊராகப் போவதா? அவள் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று.

அந்தக் கம்பெனிக்காரர்கள், எங்கள் கடற்கரையை வரைந்ததற்கு மரியாதையாக, இந்தப் பகுதிச் சின்ன வியாபாரிகளுக்குச் சில சுவர்களைச் சும்மா கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்களாம். ஒரு சீசனுக்கு மட்டும். நன்றாகப் போனால் தொடரும், இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள். மகளிர் குழு வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததாம். எல்லோரும் படித்துவிட்டு ஒரு பூவைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சபீரா மட்டும் போன் போட்டாள். அவள் அப்படித்தான்.

பிரவீன் என்று ஒரு பையன் பேசினான். விளையாட்டுக்குள் எந்த விளம்பரம் எந்தச் சுவரில் வர வேண்டும் என்று பார்ப்பதுதான் அவனுக்கு வேலையாம். இப்படியெல்லாம் வேலை இருக்கிறது பாருங்கள்! நல்ல பையன். ஆனால் அவன் முதலில் அனுப்பிய படத்தைப் பார்த்து சபீரா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

படத்தில் பெரிய எழுத்தில், 'மாசி மாதச் சிறப்புச் சம்பல்!' என்று இருந்தது. பின்னாலே முழு நிலா. ஜனங்கள் கூட்டமாகக் கடலில் முங்குகிறார்கள். மாசி மகமாம்!

"ஏன் மேடம் சிரிக்கிறீங்க? மாசம் முடிஞ்சதும் போர்டை எடுத்துடறோம் மேடம். பங்குனிக்கு என்ன சம்பல்?" என்று அவன் கேட்க, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சபீரா விளக்கியபிறகு மாசி மீனானது. நிலா போய் பாட்டில் வந்தது. அடுத்து, சுவரில் எழுத ஒரு வரி வேண்டும் என்றான் பிரவீன். சின்னதாக, படகு பறக்கிற வேகத்தில் படிக்கிற மாதிரி.

சபீரா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான வாரா வாரம் எழுதுறீக. ஒரு வரி எழுதிக் குடுங்க."

பயம் பிடித்துக்கொண்டது. உங்களுக்குத் தெரியும்... நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வாசலில் ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிறவள். என் குரல் எங்கள் தெருமுனையைத் தாண்டியதில்லை. பேச வராததால்தான் எழுத வந்தேன். அதுவும் பேனாவில் எழுதுவேன், சபீரா போட்டோ எடுத்து அனுப்புவாள், பத்திரிகையில் பிழை திருத்திப் போடுவார்கள். விளம்பரம் எழுதுவதென்றால் சும்மாவா?

ஆனாலும் எழுதினேன். 'தரமும் சுவையும் நிறைந்தது.'

"மாமி, ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கு."

'கடல் தந்த கொடை.'

"மழைக்கு நிவாரணம் குடுக்குற மாதிரி இருக்கு."

'ஒருமுறை வாங்கினால் மறுமுறையும் வாங்குவீர்கள்.'

"அப்ப மூணாவது மொறை வாங்க மாட்டாகளா?"

இவள் பெண்ணா, பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியாரா? எனக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஜமால். எடுத்ததும் நான் எப்போதும் கேட்பதைக் கேட்டேன்.

"சாப்ட்டியா வாப்பா?"

சபீரா கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"மாமி... இதான்! இதான் மாமி!"

எங்கள் பக்கத்து இஸ்லாமியர் வீடுகளில் தகப்பனை வாப்பா என்று கூப்பிடுவோம். பிள்ளை மேல் பாசம் வந்தால் பிள்ளையையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஆண் பிள்ளைகளைப் பெற்ற எங்கள் ஊர் உம்மாக்கள் எல்லோருடைய வாயிலும் ஓயாமல் வருகிற வார்த்தை. இதில் என்ன எழுத்துத் திறமை இருக்கிறது? இதைப்போய்ச் சுவரில் எழுதுவார்களா?

எழுதினார்கள்.

விளையாட்டில் பாலத்தைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒரு வெள்ளைச் சுவர். அதில் நீல எழுத்தில், 'சாப்ட்டியா வாப்பா?' கீழே சின்னதாகச் சம்பல் பாட்டில். முன்னாலும் பின்னாலும் குளிர்பானமும் ஷாம்புவும் 'வாங்கு! பற! ஜெயி!' என்று கத்திக்கொண்டிருக்க, நடுவில் இது மட்டும் சாதுவாக நின்றது. என்னைப் போலவே இருந்தது.

ஜமாலிடம் நாங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை. சபீராதான், 'இருக்கட்டும், தானாப் பாக்கட்டும்' என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை, சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் போன் வந்தது.

"உம்மா... உம்மா..." என்றான் ஜமால். பின்னால் ஒரே கூச்சல்.

"என்ன வாப்பா? ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. நான் முன்னாடி போயிக்கிட்டு இருந்தேன். பாலத்தைத் தாண்டுனேன்... செவுத்துல நீ நிக்கிறே!"

"நானா?"

"நீதான். வேற யாரு இப்புடிக் கேப்பா? அப்புடியே படகை நிப்பாட்டிட்டேன். பின்னாடி வந்தவன்லாம் என்னைய இடிச்சிட்டுப் போறான்."

நடுவில் இன்னொரு குரல் நுழைந்தது. கடலாடி முருகேசன்.

"நான் இடிக்கலம்மா! நானும் நிப்பாட்டிட்டேன். எங்க ஆத்தா 'சாப்ட்டியாய்யா'ம்பா. கூப்புடுற வார்த்தைதான் வேற, ரெண்டும் ஒரே கேள்விதானம்மா?"

"போட்டியில யாரு வாப்பா ஜெயிச்சது?"

"யாரோ பெங்களூர்க்காரன்" என்றான் முருகேசன் அலட்சியமாக.

அவ்வளவுதான். ரூமிலிருந்து ரூமுக்குச் செய்தி போயிற்று. ரியாத், துபாய், கத்தார்... எங்கெங்கோ இருக்கிற எங்கள் பக்கத்துப் பையன்கள் அந்தக் கடலுக்கு வந்தார்கள். வேகமாக வருவார்கள். பாலம் தாண்டுவார்கள். சுவருக்கு முன்னால் நிறுத்துவார்கள். போட்டி போட வந்தவர்கள் நடுக்கடலில் படகை நிறுத்திவிட்டுச் சுவர் பார்ப்பதை உலகத்தில் வேறு யாராவது செய்வார்களா? எங்கள் பிள்ளைகள் செய்தார்கள். ஒரு பையன் நிறுத்தத் தெரியாமல் சுவரிலேயே மோதிப் படகு கவிழ்ந்து, 'பரவாயில்ல, கிட்டத்துல பாத்தேன்' என்றானாம்.

சபீராவுக்கு ஆர்டர் வந்தது. ஆனால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மகனைக் கத்தாருக்கு அனுப்பியிருக்கும் மளிகைக் கடை ராவியத்து என்னைப் பார்த்து, "என்ன, எம் மகனை நீங்க சாப்ட்டியான்னு கேட்டீகளாமே?" என்றாள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் வீடு வரை சிரிப்பு அடங்கவில்லை.

இங்கேதான் வினை வந்தது.

ஒரு நாள் பிரவீன் பேசினான். குரலில் பழைய கலகலப்பு இல்லை.

"மேடம், உங்க சுவர்ல ஒரு பிரச்சினை. அந்த இடத்துல படகெல்லாம் நின்னுடுது. சிலது மோதுது. ரேஸ் கெட்டுப்போகுதுன்னு கம்ப்ளெய்ன்ட். நாங்க உட்கார்ந்து யோசிச்சோம்... தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டோம்."

"எங்க சார்?"

"அந்த 'வாப்பா'லதான் மேடம். சுவர் பிளேயரை 'வாப்பா'ன்னு கூப்பிடுது. அவன் சுவருக்குள்ள ஏதோ வழி இருக்கு, புதையல் இருக்குன்னு நினைச்சுப் போய் மோதுறான்."

சபீரா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வா இல்ல சார்... வாப்பா."

"அதான் மேடம். வா... ப்பா. நான்கூட என் ஃப்ரெண்டை 'வாப்பா, டீ குடிக்கலாம்'னுதான் கூப்பிடுவேன்."

"அய்யோ, அது வேற வாப்பா சார்!"

"எத்தனை வாப்பா மேடம் இருக்கு?" என்றான் பாவம், நிஜமாகவே குழம்பிப்போய்.

அவர்கள் எடுத்திருந்த முடிவு இதுதான். வாப்பாவை எடுத்துவிட வேண்டும். 'மாசிச் சம்பல் — இன்றே வாங்குங்கள்' என்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு சபீரா சம்மதித்தால் அந்தச் சின்னச் சுவருக்குப் பதில், போட்டி முடிகிற இடத்தில் இருக்கும் பெரிய போர்டை அடுத்த சீசனுக்கும் கொடுப்பார்கள். எல்லாப் படகும் அதைக் கடந்துதான் ஆக வேண்டும். சம்மதிக்காவிட்டால் சுவரே கிடையாது. மறுநாள் மத்தியானம் வீடியோவில் மேனேஜரும் வருவார், பதில் சொல்ல வேண்டும்.

நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

"எடுக்கச் சொல்லிரு புள்ள. எம் வாயில வர்ற ஒரு வார்த்தைக்காகப் பெரிய போர்டை விடுவியா?"

"நீங்க பேசாம இருங்க மாமி."

பேசாமல் இருப்பதுதானே எனக்குத் தெரிந்த ஒரே வேலை! இருந்தேன். ஆனால் மனசு இருக்கவில்லை. அவள் கஷ்டம் எனக்குத் தெரியும். மாசி இடித்து இடித்துக் கை காய்த்துப்போய், மிளகாய் நெடியில் கண் சிவந்து வளர்த்த வியாபாரம். எல்லோரும் பார்க்கிற இடத்தில் அவள் பெயர் வந்தால் எங்கேயோ போய்விடுவாள். என் வார்த்தை அதற்குக் குறுக்கே நிற்பதா?

ஜமாலைக் கேட்டதற்கு, "அவ வியாபாரம். அவ முடிவு" என்றுவிட்டான். அடுத்த நிமிடமே, "ஆனா உம்மா... செவுரு போயிருமா?" என்றான் சின்னக் குரலில்.

மறுநாள் மத்தியானம். சபீரா முன்அறையில் போனைச் சம்பல் பாட்டில் மேல் சாய்த்துவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நல்ல சேலை. முகத்தில் பவுடர். நான் கதவுக்குப் பின்னால். கதவிடுக்கு வழியாக போன் தெரிந்தது. ஒரு பக்கம் பிரவீன். இன்னொரு பக்கம் மேனேஜர், நித்யா என்று ஒரு பெண். ஜமால் வயதுதான் இருக்கும். கண்ணாடி போட்ட, அமைதியான முகம்.

சபீரா வாப்பாவை விளக்கினாள். தகப்பன் என்றாள், மகன் என்றாள், பாசம் என்றாள். பிரவீன் தலையாட்டினான். ஆனால் கண்ணில் ஒன்றும் ஏறவில்லை. வீட்டில் புழங்குகிற வார்த்தையை மீட்டிங்கில் விளக்கினால் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

"புரியுது சபீரா" என்றார் நித்யா. "ஆனா எங்களுக்கு ஒரு ரூல் இருக்கு. விளையாட்டுக்குள்ள வர்ற விளம்பரம் ஆளை நிறுத்தக் கூடாது. ஓடறப்ப கண்ணுல பட்டாப் போதும்."

"நின்னு பாக்குற விளம்பரத்தைத் தூக்கச் சொல்றீக. பாக்காமப் போற போர்டைப் பெருசாத் தாரேங்குறீக. இது என்ன கணக்கு மேடம்?"

நித்யா சிரித்துவிட்டார். சிரித்தாலும், "பெரிய போர்டை யோசிங்க" என்றுதான் சொன்னார்.

சபீரா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. சேலை முந்தானையை விரலில் சுற்றுவாள் — சுற்றிக்கொண்டிருந்தாள்.  எடுத்துவிடு என்று சொன்னவள் நான்தான். ஆனால் அந்த நேரத்தில், அல்லாஹ் அறிய, அவள் 'சரி' என்று சொல்லிவிடக் கூடாதே என்று நினைத்தேன்.

நான் சபீராவைப் பார்க்க முடியாமல் போனைப் பார்த்தேன்.

பிரவீன் முகம் வாடியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. மேனேஜருக்குத் தெரியாமல் மேஜைக்குக் கீழே கையை விட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து, வாய்க்குள் போட்டு, மெல்லாமல் அப்படியே ஊறவைத்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுவிடும் என்ற பயம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மத்தியானச் சாப்பாட்டு நேரம் எப்போதோ போய்விட்டது. யார் பெற்ற பிள்ளையோ!

எனக்கு மீட்டிங் மறந்துபோயிற்று. வெட்கமும் மறந்துபோயிற்று. கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டேன்.

"சாப்ட்டியா வாப்பா?"



பிரவீன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். முன்னால் போனில் வந்த குரலுக்கு எதற்குப் பின்னால் திரும்பினான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு மெதுவாக இந்தப் பக்கம் திரும்பி, வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்கினான்.

"இன்னும்... இல்லம்மா" என்றான்.

மீட்டிங்கில் பேசுகிற குரல் இல்லை அது. வீட்டில் பேசுகிற குரல்.

நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேவிட்டேன்.  என்ன காரியம் செய்துவிட்டேன்!

"மேடம்" என்றான் பிரவீன் நித்யாவிடம். "இது 'வா' இல்ல."

"கேட்டேன் பிரவீன்" என்றார் நித்யா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அவங்க வழி தேடிப் போய் மோதலை. நான் தப்பா நினைச்சிட்டேன்... நீ முதல்ல போய்ச் சாப்பிடு."

"மீட்டிங் மேடம்..."

"கேள்வி கேட்டிருக்காங்க. பதில் சொல்லணும்ல? போ."

அப்போதுதான் சபீரா நிமிர்ந்தாள். பெரிய போர்டு வேண்டாம் என்றாள். சம்பல் விற்கிறதோ இல்லையோ, அந்தச் சுவர் அந்தச் சுவராகவே இருந்தால் போதும் என்றாள். குரல் தடுமாறவில்லை. எனக்குப் பொண்ணு பிறக்கவில்லை என்று ஒரு காலத்தில் அழுதிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குறை தீர்ந்தது.

நித்யா உடனே வாக்குக் கொடுக்கவில்லை. மேலே பேச வேண்டும் என்றார். சில நாள் ஒன்றும் தெரியவில்லை. சபீரா வழக்கம்போல மாசி இடித்தாள். நான் வழக்கம்போலப் பேசாமல் இருந்தேன். பிறகு பிரவீனே கூப்பிட்டான்.

வாப்பா இருக்கும். அடுத்த சீசனிலும் இருக்கும். சுவரை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி, முன்னால் மணல் போட்டு ஒரு கரை வரைந்துவிட்டார்களாம். நிற்க விரும்புகிற படகு அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம். மற்றப் படகுகளுக்கு இடைஞ்சல் இல்லை.

"ஆனா ஒண்ணு மேடம். அங்க நின்னாலும் ரேஸ் கடிகாரம் நிக்காது. அது ரூல். நிக்கிறவன் தோத்துடுவான்."

"தோக்கட்டும் சார்" என்றாள் சபீரா. 

"அம்மாட்டச் சொல்லுங்க மேடம். நான் இன்னைக்குச் சாப்டேன்" என்றான் அவன்.

இப்போது சொல்லுங்கள். கடைசியாக வந்த மகனை நினைத்து நான் பெருமைப்படலாமா, கூடாதா?

போன வெள்ளிக்கிழமையும் ஜமாலின் படகு முன்னால்தான் போய்க்கொண்டிருந்ததாம். பாலம் தாண்டியதும் கரையில் ஒதுக்கிவிட்டான். முருகேசனும் ஒதுக்கினான். பின்னாலே யார் யாரோ ஒதுங்கினார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. படகுகள் மட்டும் பக்கம் பக்கமாகக் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு நின்றனவாம். அந்தப் படத்தை ஜமால் அனுப்பினான். இல்லாத கடல், இல்லாத சுவர், இல்லாத படகு. ஆனால் அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் உண்மையாகவே வீட்டை விட்டுத் தூரமாக இருக்கிற பிள்ளைகள்.

போட்டி முடிகிற இடத்துப் பெரிய போர்டில் ஒரு குளிர்பானம் வந்துவிட்டது. நல்லது. முதலில் வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்கும்.

ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. விவரம் தெரியாமல் அந்த வார்த்தையை 'வா அப்பா' என்று பிரித்துப் படிக்கிறவர்கள் இன்னும் இருப்பார்களே, என்ன செய்வது என்று சபீரா கேட்டாள்.

படிக்கட்டும் புள்ள. வந்தால் சோறு இருக்கிறது.